படகு வரை பார்த்த படம்

அபாய மணி அலறியபோது மெக்கானிக் மொட்டை மாடி மோட்டார் அறையில் முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தார்.

மணி விட்டு விட்டு அடித்தால் உள்ளே ஏதோ குழந்தை விளையாடுகிறது. விடாமல் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. லிஃப்ட் வேலைக்கு வந்த புதிதிலேயே அவர் கற்றுக்கொண்ட பாஷை அது. இந்த மணி இரண்டிலும் சேரவில்லை. நீளமாக ஒன்று. நிதானமாக ஓர் இடைவெளி. மறுபடி நீளமாக ஒன்று. யாரோ வீட்டு மணியை அடித்துவிட்டுக் கதவு திறக்கக் காத்திருப்பது போல.

"சொந்தக் கட்டடத்துலயே சோதனையா?" என்றான் நெட்டை. கூட வேலை செய்பவன். லிஃப்ட் வேலைக்கு அந்த உயரம் கொஞ்சம் அதிகம். மோட்டார் அறைக் கதவு நிலையில் தலையை இடிக்காமல் அவன் உள்ளே வந்ததே கிடையாது.

"மெயினை ஆஃப் பண்ணு. நான் சொல்ற வரைக்கும் கை வைக்காத."

மெக்கானிக் படியில் இறங்கினார். அவர் குடியிருப்பதும் இதே கட்டடத்தில்தான், மூன்றாவது மாடியில். இறங்குவதற்கே இப்போதெல்லாம் மூச்சு வாங்கியது. வழியில் ஒருமுறை கைப்பிடியைப் பிடித்து நின்றார். வயசு என்று ஒரு வார்த்தை இருப்பது எவ்வளவு வசதி. எதற்கு வேண்டுமானாலும் அதைக் காரணம் சொல்லலாம்.

நான்காவது மாடிக்குக் கொஞ்சம் கீழே லிஃப்ட் பெட்டி நின்றிருந்தது. சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்தார்.

உள்ளே தரையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. பக்கத்தில் பிளாஸ்க். இரண்டு கப்.

"வாங்க. டீ ஆறிடும்."

"நிறுத்துற ஸ்விட்சை யாரு தொட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"டீ குடிக்கத்தான்."

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி பொய் மணி அடிப்பது, தீயணைப்புக்காரன் பெண்டாட்டி வைக்கோல் போரைக் கொளுத்துவது மாதிரி. அதுவும் இவள். துணி திருத்தும் கடையில் வேலை. அரை விரல் அகலம் தையல் கோணினால் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவள். சிவப்பு விளக்கு எரிந்தால், காலியான தெருவிலும் நிற்பவள்.

அவர் திட்ட வாயெடுத்தார். வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்ததும் டார்ச்சைத் தாழ்த்தினார். இடுக்கு வழியாக உள்ளே இறங்கி எதிரே உட்கார்ந்தார். அவள் டீ ஊற்றினாள். கொஞ்சம் செய்தித்தாளில் சிந்தியது.

"ஏங்க, நாமளும் மஞ்சள் கோட்டுப் படத்துல மாதிரி இருந்துடலாமா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லிஃப்ட், டீ, இரண்டு கப். படத்தில் வரும் காட்சியேதான்.

"வாய் விட்டு எதையும் பேசிக்க வேணாம். அழவும் வேணாம். அவங்க ரெண்டு பேரும் இருந்தாங்கல்ல, அப்படியே இருந்துடலாம்." அவள் ஊசியில் நூல் கோர்ப்பவளைப் போல அவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குப் புரியுதுல்ல?"

"புரியாம என்ன" என்றார்.

புரியவில்லை. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷமான ஒருவனுக்கு, எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் வீட்டில் விளக்கு எரியும் என்பது தெரியும்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் கையை. புடவையில் ஒட்டும் என்று யோசிக்கவே இல்லை. அவருக்கு அதுதான் முதல் பயம்.

மேலேயிருந்து நெட்டையின் குரல் லிஃப்ட் குழிக்குள் எதிரொலித்து இறங்கியது. "அண்ணே, உள்ள இருக்கிற ஆள் உயிரோட இருக்காங்களா?"



"இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

*

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வங்கியின் லாக்கர் அறைக்குக் காவல் இருக்கும் புருஷன். சரியான பயந்தாங்கொள்ளி. வெயில் காலத்திலும் குடையில்லாமல் வாசல் தாண்ட மாட்டான். அவன் பெண்டாட்டி ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் ஒரு கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். அன்றைக்கு ஆரம்பிக்கிறது அவள் ஆட்டம். லிஃப்டை நடுவில் நிறுத்திப் புருஷனுக்கு டீ கொடுக்கிறாள். அலாரம் கடிகாரத்தை ஜன்னல் வழியாக வீசுகிறாள். வாசல் கதவுக்கு ஊதா பெயின்ட் அடிக்கிறாள். வாசிக்கத் தெரியாத புருஷன் கையில் ஒரு ட்ரம்பெட்டைக் கொடுத்து ஊதச் சொல்கிறாள். ஊர் பேர் தெரியாதவர்கள் கல்யாணத்தில் நுழைந்து அவனை ஆட வைக்கிறாள். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. வாழ்ந்தால் இப்படி வாழணும் என்று ஒவ்வொருவனும் பக்கத்து இருக்கைக்காரனிடம் சொல்வான். கடைசியில் ஓர் ஏரி. ஒரு படகு. இரண்டு பேரும் ஏறுகிறார்கள். அவள் கோட்டின் பொத்தானைக் கழற்றுகிறாள்.

அதற்குப் பிறகு என்ன என்பது மெக்கானிக்குக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. செல்போன் இல்லாத காலம். லிஃப்ட் மெக்கானிக் எங்கே போனாலும் அந்த இடத்து நம்பரைக் கம்பெனியில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். படகு புறப்படும் நேரத்துக்குத் தியேட்டர்காரன் டார்ச்சை முகத்தில் அடித்து, பக்கத்துக் கட்டட லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். வேலையை முடித்துவிட்டு ஓடி வந்தபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. புதுப் பெண்டாட்டியின் கண் வீங்கியே போயிருந்தது.

"முடிவைப் பார்க்காமப் போயிட்டீங்களே" என்றாள்.

அவளை ஏமாற்ற மனமில்லாமல்தான் ஏமாற்றினார். "பின்னால நின்னு பார்த்துட்டேன். அருமை."

ஒரு பொய். அதற்குப் பிறகு யாரிடம் போய் முடிவைக் கேட்பது? டிவியில் போட்டபோதெல்லாம், படகு வரும் நேரத்துக்கும் அவருக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை. ஒன்று போன் அடிக்கும், அல்லது தூக்கம் அடிக்கும். உங்களுக்குப் பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் இருவரும் ஒரே குரலில் அதைத்தான் சொல்வார்கள். அவள் படத்தின் வசனத்தைச் சொல்வாள். அவர் தலையை ஆட்டுவார்.

படகு வரை பார்த்த கதையை வைத்து மீதியை அவரே போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெண்டாட்டி. கூத்தடிக்கும் பெண்டாட்டி. ஏரி. சிவந்த கண்கள். இதற்கு என்ன கணக்கு வாத்தியாரா வேண்டும்? அவள் செத்துப்போகிறாள்.

லிஃப்டில் டீ குடித்ததிலிருந்து அந்த முடிவுதான் அவர் மனசில் ஓடியது. காரணம் இருந்தது.

போன வாரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். கம்பெனியில் வருஷா வருஷம் மெக்கானிக்குகளுக்கு உடம்பைப் பரிசோதிப்பார்கள். இந்த முறை ஏதோ எக்ஸ்ரே படம் சரியாக விழவில்லை, மறுபடி வாருங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு அவளும் வந்தாள். டாக்டர் அவரை இன்னொரு தடவை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு அவளை மட்டும் உட்காரச் சொன்னார். இவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பியபோது அவள் நடைபாதைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, கேட்டேன்."

அவளுக்கு என்ன சந்தேகம்? அன்றைக்கு அவர் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் வழியில்லை. வாய் விட்டுப் பேசுவதில்லை என்று லிஃப்டுக்குள் வாக்குக் கொடுத்தாயிற்று.

*

அலாரம் கடிகாரம் மறுநாள் ஜன்னல் வழியாகப் போனது.

அவர் கண் முன்னாலேயே எடுத்து வீசினாள். கீழே கார் ஏதாவது நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீசினாள். என்ன இருந்தாலும் அவள் அவள்தானே. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தெருவில் போன ஒரு பெரியவர், இரண்டு கையிலும் கடிகாரத்தை ஏந்தி நின்றார்.

"உங்களுதாம்மா? கண்ணாடிதான் போச்சு. ஓடுது பாருங்க."

அது பெரியவர் கையிலேயே அலற ஆரம்பித்தது. நிறுத்தும் பொத்தான் உடைந்துபோயிருந்தது. துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளியும் அது உள்ளேயிருந்து முனகிக்கொண்டே இருந்தது.

வார இறுதியில் வாசல் கதவு ஊதா ஆனது. எதிர் வீட்டுக்காரி வாயில் கைவைத்து நின்றுவிட்டு, "என்ன விசேஷம்?" என்றாள். "விசேஷம் இருந்தாத்தான் பெயின்ட் அடிக்கணுமா?" என்றாள் இவள். பிறகு ட்ரம்பெட் வந்தது. அவர் ஊதினார். மாடிப்படியெல்லாம் அடைத்துக்கொண்டு, பசித்த மாடு கத்துவது போல ஒரு சத்தம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி அடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது ஊதலுக்கு மூச்சு போதவில்லை. இருமலில் கண் கலங்கியது. அவள் சிரித்துக்கொண்டே முதுகைத் தடவினாள். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தடவினாள்.

தெரியாதவர்கள் கல்யாணத்துக்கும் போனார்கள். வாசலில் நின்ற பெண் வீட்டுக்காரர், "நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம்?" என்று கேட்டார். "ரெண்டு பக்கமும்" என்றாள். அவர் மிரண்டு போய்க் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். மெக்கானிக் ஆடினார். ஆடத் தெரியாதவர் ஆடினால் எப்படி இருக்குமோ அப்படி. அவள் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"நீயும் வந்து நில்லு. எல்லாத்துலயும் நானே இருக்கேன்."

"நான் எதுக்கு?" என்றாள்.

தன் முகத்தை இனிமேல் யாரும் பார்த்து அழக் கூடாது என்று நினைக்கிறாளோ? அந்த நினைப்பு வந்ததும் அவர் கால் தாளம் தப்பியது. தாளத்தில் இருந்த கால் என்று சொல்லவும் முடியாதுதான்.

ராத்திரியில் அவள் மாத்திரை எடுத்து வருவாள். அவருக்கு ஒரு கை நிறைய. தனக்கு ஒன்று.

"இது எதுக்கு?"

"பேரெல்லாம் கேட்டுக்கிட்டு. போட்டுக்குங்க."

அவள் மட்டும் தனியாக மாத்திரை போட்டால் சந்தேகம் வரும் என்று, அவருக்கும் சேர்த்து ஏதோ சத்து மாத்திரையைக் கொடுக்கிறாள் என்று கண்டுபிடித்தார். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே அழுகை வந்தது. தண்ணீர் குடிப்பது போல அதை விழுங்கினார்.

"எப்படிங்க இவ்வளவு தைரியமா இருக்கீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். அவருடைய வேலைப் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனித் துணி துவைக்கத் துவைக்க விரிகிறது என்று சொல்லி, அந்த மாதத்தில் மறுபடி மறுபடி பிடித்தாயிற்று.

"நான் தைரியமா இருந்தாத்தானே உனக்கு நல்லது."

அவள் தையலைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் அவரையே பார்த்தாள்.

*

வேலையிலும் ஏதோ சரியில்லை.

லிஃப்ட் குழியில் வேலை செய்கிறவனுக்கு எமன் முன்னால் வர மாட்டான். பெட்டி மேலே ஏறும்போது, அதைச் சமன் செய்ய அதே எடையில் இரும்புக் கட்டிகள் பின் சுவரை ஒட்டிக் கீழே இறங்கும். கவுன்டர் வெயிட் என்பார்கள். சத்தமே இருக்காது. பழகாதவன் ஏறுகிற பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பான். இரும்பு பின்னாலேயிருந்து வரும். பெட்டியைப் பார்க்காதே, வெயிட்டைப் பார் என்பது மெக்கானிக் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

அன்றைக்குக் குழிக்குள் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். ஏரிக்கு எப்போது கூப்பிடுவாள் என்று யோசனை. நெட்டை அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அவர் தலை இருந்த இடத்தை ஒட்டி, இருட்டைவிடக் கறுப்பாக ஒன்று இறங்கிப் போனது. காற்று மட்டும் முகத்தில் பட்டது.

நெட்டை கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று காத்திருந்தார். அவன் திட்டவில்லை.

"உக்காருங்கண்ணே" என்றான். "கருவிப் பையைக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன்."

சாயங்காலம் ஃபோர்மேன் கூப்பிட்டார். ஒரு திருகாணி குறைந்தாலே தாம் தூம் என்று குதிக்கிற மனுஷன். "இனிமே மேல ஏற வேணாம். ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க. முடியலைன்னா சீக்கிரம் கிளம்புங்க" என்று, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆக, அவள் இங்கேயும் சொல்லிவிட்டாள். புருஷன் வீட்டில் கூட இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் வாசலில் லாரி ஹார்ன் கேட்டது. மைத்துனன். அவளுக்குத் தம்பி, நீண்ட தூர லாரி டிரைவர். வந்தால் படி ஏறும்போதே, "என்ன அத்தான், இன்னும் மேலயும் கீழயும்தானா? வாழ்க்கையில முன்னால போறது எப்போ?" என்று ஆரம்பிப்பான். "உன்னை மாதிரி ரிவர்ஸ்ல போகாம இருந்தாச் சரி" என்பார் இவர். மாமன் மச்சான் உறவில் மரியாதை வந்துவிட்டால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

மைத்துனன் ஊதாக் கதவைப் பார்த்தான். ஒரு நையாண்டியும் இல்லை.

"நல்லா இருக்கீங்களா அத்தான்?" என்று கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.

"டேய், ஸ்டியரிங்னு நினைச்சுட்டியா?"

அவன் சிரிக்க முயன்றான். பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறைக்குள் போனான். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. மெக்கானிக் கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

"அவருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். அன்னிக்கே சொல்லிட்டேன். சொல்லாமலே சொல்லிட்டேன்."

"எப்படித் தாங்குறாரு?"

"அவரு தாங்குறதைப் பார்த்துதான்டா நான் நிக்கிறேன்."

பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். அது மைத்துனன் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

*

சீக்கிரம் அனுப்பப்பட்ட ஒரு மத்தியானம், அவள் கடையிலிருந்து திரும்புவதற்குள், அவள் வாங்கி வைத்திருந்த அந்தப் படத்தின் டிவிடி தட்டை எடுத்துப் போட்டார். தெரிந்துகொண்டே ஆக வேண்டும். என்ன வரும் என்று தெரிந்தால் தடுக்க வழி தேடலாம்.

லிஃப்ட் வந்தது, கதவு வந்தது, கல்யாணம் வந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் ஒன்றிலும் சிரிப்பு வரவில்லை. ஏரி வந்தது. அவரையும் அறியாமல் போனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை. தூக்கமும் வரவில்லை. படகு நடு ஏரியில் நின்றது. மஞ்சள் கோட்டுக்காரி முதல் பொத்தானைக் கழற்றினாள். இரண்டாவது. தண்ணீரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

குதிக்கத்தான் போகிறாள்.

அவர் விரல் தானாக நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. திரை இருண்டது. அதில் அவர் முகம் தெரிந்தது, எலும்பும் நிழலுமாக. எழுந்து போய்த் தட்டை உறையில் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பியபோதுதான் அலமாரிக் கதவில் தொங்கியதைக் கவனித்தார்.

மஞ்சள் கோட்டு. புதுசு. பொத்தான்கூட முழுதாக வைக்கவில்லை.

அவள் வந்ததும் ஒன்றும் தெரியாதவர் போல, "போட்டுக் காட்டேன்" என்றார். அவள் தயங்கிவிட்டுப் போட்டுக்கொண்டாள். தோள் இரண்டும் வழிந்தது. கை விரல் நுனி வரை மூடியது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிறவள், தனக்கே தைத்த கோட்டில் இப்படிக் கோட்டை விடுவாளா? அவள் இளைக்கிறாள். தைக்க ஆரம்பித்த நாளுக்கும் இன்றைக்கும் இவ்வளவு வித்தியாசம்.

"தொளதொளன்னு இருக்கே" என்றார்.

"சரியாத்தான் இருக்கும்" என்றாள். கழற்றி மாட்டிவிட்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போலாம்."

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வானம் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஏரியில் காற்றே இல்லை. கரையில் துடுப்புப் படகுகள் ஒன்றோடு ஒன்று மெதுவாக இடித்துக்கொண்டிருந்தன. மைத்துனன்தான் லாரியில் கூட்டி வந்தான். படகில் ஏறச் சொன்னதற்கு மறுத்துவிட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

"தண்ணின்னா பயமா? இத்தனை வருஷமா என்னைத்தான் பயந்தாங்கொள்ளின்னு சொன்ன."

"ஆமா அத்தான். நான்தான் பயந்தாங்கொள்ளி" என்றான். அந்த மாதிரி ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

படகுக்காரர் மிதவைச் சட்டைகளை நீட்டினார். அவள் வாங்கிக் காலடியில் போட்டுக்கொண்டாள். மெக்கானிக் வேலைப் பையை விட்டுப் பிரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். "பிக்னிக்குக்குப் போறவரு ஸ்பேனரோட போறாரே" என்றார் படகுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. துடுப்பைத் தானே போடுவதாகச் சொல்லிப் படகுக்காரரைக் கரையிலேயே விட்டாள் அவள். படத்திலும் அவள்தான் துடுப்புப் போடுவாள்.

அவள் அந்த மஞ்சள் கோட்டில் இருந்தாள். சாம்பல் தண்ணீரில் அது ஒன்றுதான் நிறம். துடுப்பு தண்ணீரில் விழுவதும் எழுவதும் தவிர வேறு சத்தம் இல்லை. கரையில் மைத்துனன் சின்னதாகிக்கொண்டே போனான். நடு ஏரிக்கு வந்ததும் துடுப்பை உள்ளே எடுத்து வைத்தாள்.

"குளிருதா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் குளிரும்."

மெக்கானிக் பையைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர் இல்லை. லிஃப்ட் குழியில் இறங்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பெல்ட், அதன் கயிறு. ஆபீஸ் வேலைக்கு மாற்றியபோது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியது. ஞாபக மறதி போல வைத்துக்கொண்டார். பெல்ட்டைத் தன் இடுப்பில் மாட்டினார். அது இடுப்பு எலும்பில் போய்த் தொங்கியது. கயிற்றின் மறு முனையைக் கோட்டுக்கு உள்ளே விட்டு அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டு, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தார். வேலைப் பழக்கம், இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

அவள் தடுக்கவில்லை. ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது? படத்துல இது இல்லையே."

"இல்லைதான்."

"பின்ன?"

"சும்மா. நீ பாட்டுக்கு நீ பண்றதைப் பண்ணு."

அவள் மெல்லச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

மெக்கானிக் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

இரண்டாவது பொத்தான். எங்கேயோ தூரத்தில் இடி முழங்கியது. அவள் ஒருமுறை தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் பார்த்த அதே திரும்பல், அச்சு அசல். மூன்றாவது பொத்தான். தோளிலிருந்து கோட்டை நழுவவிட்டுக் கையில் பிடித்தாள். எழுந்து நிற்பவளைப் போல முழங்காலில் நிமிர்ந்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

அவர் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். அவள் நிலை தடுமாறி அவர் மேலேயே வந்து விழுந்தாள். படகு குலுங்கித் தண்ணீர் உள்ளே அடித்தது. இருமல் வந்தது அவருக்கு. இருமிக்கொண்டே அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்.

"விட மாட்டேன்" என்றார். "வாக்குக் கொடுத்தேன், பேச மாட்டேன்னு. பேசாம இருந்தேன். இனிமே என்னால முடியாது. நீ குதிச்சா நானும் வந்துடுவேன், கயிறு கட்டியாச்சு."

"நான் ஏங்க குதிக்கப் போறேன்?"

"எனக்குத் தெரியும். லிஃப்டுல டீ கொடுத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. உன் தம்பிக்குத் தெரியுது, ஃபோர்மேனுக்குத் தெரியுது, நெட்டைக்குக்கூடத் தெரியுது. கட்டின புருஷன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதா? எந்த வைத்தியம்னாலும் பார்க்கலாம். எங்கன்னாலும் போலாம். சொல்லு. உனக்கு எவ்வளவு நாள்னு சொன்னாரு அந்த டாக்டர்?"

 அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அவள் கைகள் அவர் கண்ணில் பட்டன. அந்தக் கைகள் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. மஞ்சள் கோட்டின் கழுத்தைப் பிடித்து, கை நுழைக்க வசதியாக விரித்து, அவர் பக்கமாக நீட்டியபடியே இருந்தன. கோட்டின் தோள்கள் இரண்டும் அவர் தோள்களுக்கு நேராக நின்றன. அளவு எள்ளளவும் பிசகவில்லை.

காற்று ஒன்று ஏரியைத் தாண்டி வந்து அவர் பின்கழுத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

அவள் உதடு அசைந்தது. 

"அந்தப் படத்துல வியாதி அவளுக்கு இல்லையேங்க… நீங்க கடைசி வரைக்கும் பார்த்ததே இல்லையா?"